அழித்த விடைதான் சரியான விடை

தரம் 10 பிள்ளையொன்று 1111111111 என்ற துவித எண்ணைத் தசமத்துக்கு மாற்றி, 1023 என்று சரியாகவே எழுதியிருந்தது. பிறகு எக்செலில் பின்-டு-டெக் சார்பைப் போட்டுப் பார்த்தது, −1 வந்தது. உடனே தன் விடையை அழித்துவிட்டது. "கொம்பியூட்டர் பிழைவிடாதே சேர்" என்றது.

கொம்பியூட்டர் பிழைவிடவில்லைதான். அந்தச் சார்பு 10 பிற்றுகளுக்கு மேல் ஏற்காது. இடது ஓரத்துப் பத்தாவது பிற்றைக் குறியாக எடுத்துக்கொள்ளும். அதனால் −512 முதல் 511 வரைதான் அதன் எல்லை. 11 இலக்கம் கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும். டெசிமல் சார்பில் அடி 2 எனக் கொடுத்திருந்தால் 1023 வந்திருக்கும்.

இதைச் சொல்லாமல் "எக்செலில் சரிபாருங்கள்" என்றது என் தவறு. ஆசிரிய நண்பர்களே, இடப்பெறுமானத்தைக் கையால் கூட்டிப் பழகிய பிள்ளைக்குத்தான் மெசினைக் கேள்வி கேட்கத் துணிவு வரும். முதலில் அதைக் கொடுப்போம்.