நாற்பது நிமிடக் கணக்கு

சென்ற வாரம் பள்ளி விட்ட நேரம். மூன்றாவது லயத்து அக்கா ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். பால்வெட்டிப் படிக்க வைத்த மகளுக்குச் சரவாக்கில் பாரியோ என்னும் மலையூரில் ஆசிரியர் வேலை. மகளைப் பார்க்கப் போக வேண்டும். லீவு மூன்றே நாள்.

“மிரியிலிருந்து நாற்பது நிமிசமாமே சார்? சனிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம்ல?”

மகள் எழுதியனுப்பிய கணக்கு தப்பில்லை, வாசகர்களே. மிரிக்கும் பாரியோவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். நம் கோலாலம்பூர் - ஈப்போ தூரந்தான். அங்கே பறப்பது டுவின் ஓட்டர் என்னும் 19 இருக்கைச் சிறு விமானம். மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகம். வகுத்தால் நாற்பது நிமிடம் வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஆனால் விமானம் கோடு போட்ட தாளில் பறப்பதில்லையே! மேலே ஏறும்போது முழு வேகம் இராது. இறங்கும் இடமோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த சமவெளி. சுற்றி வந்து பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆக, ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்து நிமிடம் பெரிதல்ல. மலையில் மேகம் மூடிவிட்டால் விமானம் புறப்படாது. பாதி வழி போய்த் திரும்பி வருவதும் உண்டு. வேறு வழி காட்டு மரம் ஏற்றும் செம்மண் சாலை. நான்கு சக்கர வண்டியில் பத்து மணி நேரத்துக்கு மேல். மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. (1945-இல் டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் பாரசூட்டில் குதித்துத்தான் இந்தச் சமவெளியில் இறங்கினார். நம் அக்காவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை!)

“ஞாயித்துக்கிழமை மேகம் மூடிட்டா என்னக்கா செய்வீங்க? மிரியில கோலாலம்பூர் விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. டிக்கட் காசும் போச்சு, திங்கட்கிழமை வேலையும் போச்சு” என்றேன்.

முகம் வாடிவிட்டது. அந்த டிக்கட்டுக்கு எட்டு மாதம் கூட்டுப் பணம் கட்டியவர்.

திரும்பும் வழியில் மிரியில் ஒரு நாள் கையிருப்பாக வையுங்கள், லீவை ஐந்து நாளாகக் கேளுங்கள் என்று சொல்லி, மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். சரவாக் குடிநுழைவில் காட்ட அடையாள அட்டையை மறக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

இன்னொன்று. அந்தச் சிறு விமானத்தில் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். பெட்டிக்குப் பத்துக் கிலோதான். இதைக் கேட்டதும் அக்கா வெட்கத்தோடு சிரித்தார்.

நேற்று லீவு கிடைத்துவிட்டது. கடைக்காரர் தராசில் பெட்டி பதினான்கு கிலோ காட்டியதாம். அரிசி மாவும் இரண்டு ஊறுகாய்ப் போத்தலும் இறங்கிவிட்டன. மகளுக்குப் பிடித்த முறுக்கு டின்னை மட்டும் இறக்க மாட்டேன் என்கிறார்.