பால் ஆற்றுக்கு ஒரு நயன்மை, பொன்னிக்கு ஒரு நயன்மையா?

ஐந்தாண்டு குடியிருந்து உழுதவனுக்கு 160 ஏக்கர் நிலம் என்று 1862-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. மேற்கே வெறுநிலம் கிடக்கின்றதாம்! அங்கே வழிவழி வாழ்ந்த முதற்குடிகள் ஆட்சியாளர் கண்ணுக்கு மாந்தராய்த் தோன்றவில்லை போலும்! அக் குடியேற்றத்தை நாம் போற்றவில்லை. ஆயினும் தண்ணீர் அருகிய அம் மேலைநிலத்தில், பொன் தேடிச் சென்றோரும் உழவரும் ஆற்றுநீருக்கு அடித்துக்கொண்டபின் ஒரு முறையை வகுத்தனர். எவன் முதலில் நீரைப் பயன்கொண்டானோ அவனுக்கே முதல் உரிமை. பின்வந்தவன் மேலே இருந்தாலும் மிச்சத்தையே பெறுவான்.

நிலத்தில் பிந்தியவர் நீரில் முந்தியவர் உரிமை பேசிய வேடிக்கையைப் பாருங்கள்! மொந்தானாவில் 'பால் ஆறு' என்றே பொருள்படும் ஓர் ஆறு. அதன் கரையில் 1888-இல் முதற்குடிகளுக்கு ஒதுக்கிய நிலத்துக்கு மேலே, குடியேறியோர் நீரை மறித்தனர். நிலம் ஒதுக்கியபோதே அதற்குரிய நீரும் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று 1908-இல் அந்நாட்டு உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது.

இனித் தஞ்சைக்கு வருவோம். கரிகாலன் பெயர்சொல்லும் கல்லணையின் அகவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு. கருநாடகத்தின் கபினி, ஏமாவதி, ஆரங்கி அணைகளோ நேற்றைய கட்டுமானங்கள். 1924 ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோதே, நடுவண் திட்டக்குழுவின் இசைவின்றித் தொடங்கப்பட்டவை. நீர்பாயும் பரப்பை 11.2 இலக்கம் ஏக்கருக்கு மேல் விரிக்கலாகாது என்று 1991-இல் தீர்ப்பாயமே தடுத்துச் சொல்ல நேர்ந்தது.

அவனும் உழவன்தானே என்பர். ஆம், அவன் வயிறும் வயிறே. அவன் குடிநீரை எவன் மறுத்தான்? பழங்கழனியைக் காயவிட்டுப் புதுக்கழனி விரிப்பது என்ன முறை என்றே கேட்கிறோம்.

2007-இல் தீர்ப்பாயம் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. என்றது. 2018-இல் உச்சநயன்மன்றம் அதனை 177.25 ஆக்கிற்று. குறைத்ததில் 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம், நம் கழனிகளுக்கடியில் நிலத்தடி நீர் உண்டு என்பது! மறைக்காட்டிலும் நாகைக் கரையோரத்திலும் ஆழ்துளை இட்டுப் பார்த்தவனைக் கேளுங்கள், உவர்நீர் வரும். அது நாற்றை என்ன செய்யும் என்பது தில்லிக்கு எங்கே தெரியப்போகிறது?

வெள்ளம் பெருகி அணை தாங்காதபோது திறந்துவிட்டு, அதை ஆண்டுக் கணக்கில் கழித்துக் காட்டுவது பங்கீடு ஆகுமா? சூன் திங்களுக்கு 9.19 டி.எம்.சி., சூலைக்கு 31.24 என்று அட்டவணை உள்ளது. குறுவைக்கு விதைநெல்லைக் கட்டிவைத்து, சூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் உழவனுக்கு அந்தந்தத் திங்களின் நீர் அந்தந்தத் திங்களிலேயே வேண்டும். மேலாண்மை ஆணையத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் தமிழக அரசு இதனைக் கேட்டதா, கேட்டு என்ன பெற்றது என்பதை ஊர்தோறும் உழவர் கேளுங்கள்!