இல்லத்திற்கு ஓர் இசைப்பெட்டி



சட்டைப் பையில் அடங்கும் இசைக்கருவி ஒருவர் செவிக்கென அமைந்தது. அதிலுள்ள பாட்டை வீட்டார் அனைவரும் கேட்க வேண்டுமாயின், அதனை ஏந்தி நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று தேவை. 'டாக்' எனக் கடைக்காரர் கூறுவது இதனையே. கருவியைப் பெட்டியின் முனையில் பொருத்தினால் பாட்டும் ஒலிக்கும். கருவியின் பாட்டரிக்கு மின்சாரமும் ஏறும். இதனை வாங்க விரும்புவோர் எவற்றை நோக்க வேண்டும் என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

முதற்கண் இதன் வரலாற்றை அறிதல் நலம். ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் இசைக்கருவியை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2003இல் அதன் அடிப்புறத்தில் 30 ஊசிகள் கொண்ட பொருத்துமுனையை அமைத்தது. அம்முனையை நம்பியே பெட்டிகள் பெருகின. போஸ் நிறுவனத்தின் சவுண்ட்டாக் 2004இல் வந்தது. ஆப்பிள் நிறுவனமே 2006இல் ஐபாட் ஹைஃபை என்னும் பெட்டியை 349 டாலருக்கு விற்று, மறு ஆண்டே கைவிட்டது. 2012இல் லைட்னிங் என்னும் சிறுமுனை வந்ததும், புதிய கருவிகள் பழைய பெட்டிகளில் நேரே பொருந்தவில்லை. 2022இல் ஐபாட் உற்பத்தியே முடிவுற்றது. 2023இல் ஐபோனும் யு.எஸ்.பி.-சி முனைக்கு மாறிற்று. பெட்டி பழுதின்றி இருக்க, அதில் அமர வேண்டிய கருவி மறைந்துவிட்டது!

இதனின்று நாம் கற்பது யாது? ஒரே முனையை நம்பிய பெட்டிக்குப் பணம் கொடுத்தல் ஆகாது என்பதே. 3.5 மில்லிமீட்டர் கம்பியைச் செருகும் துளையும், கம்பியின்றி இயங்கும் ப்ளூடூத் வசதியும் பெட்டியில் உள்ளனவா என முதலில் பாருங்கள். ஐபாட் கிளாசிக் போன்ற பழைய கருவிகளில் ப்ளூடூத் இல்லை. அவற்றிற்குக் கம்பித்துளை இன்றியமையாதது. 30 ஊசிப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருப்பின், அதனை எறிந்துவிடாதீர்கள். அம்முனையில் பொருத்தக்கூடிய சிறு ப்ளூடூத் ஏற்பிகள் உள்ளன. குறைந்த செலவில் பழைய பெட்டி மீண்டும் பாடும்.

அடுத்தது ஒலியின் வலிமை. அட்டைப் பெட்டியின் மேல் 'பி.எம்.பி.ஓ.' என ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்டிருப்பின் மயங்காதீர்கள். அது கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. 'ஆர்.எம்.எஸ்.' என்னும் அளவே தொடர்ந்து தரக்கூடிய வலிமையைக் குறிக்கும். மேலும், வாட் இருமடங்கானால் ஒலி இருமடங்காக நம் செவிக்குக் கேட்பதில்லை. 3 டெசிபலே கூடும். ஆகவே 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் தெரியும் அளவு செவியில் தெரியாது.

மூன்றாவது, இடம். ஒரே பெட்டிக்குள் இடவொலியும் வலவொலியும் சில அங்குல இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. பாடகர் ஒருபுறமும் வயலின் மறுபுறமும் நிற்பது போன்ற விரிவு வேண்டுவோர், அதே விலையில் இரண்டு தனி ஒலிபெருக்கிகளை வாங்குதலே மேல். இடமும் எளிமையும் வேண்டுவோர்க்கு ஒற்றைப்பெட்டி போதும். அதனைச் சுவரின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி மிகும், சொற்கள் மங்கும். சற்று முன்னே நகர்த்துங்கள். செலவின்றித் தெளிவு கிட்டும்.

நான்காவது, மின்சாரம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணரும் பெட்டியாயின், அதன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்த பின்னரே செருகுங்கள். 120 வோல்ட் மட்டும் எனக் கண்டால், நம் 230 வோல்ட்டில் அது கருகிவிடும். 100 முதல் 240 வரை எனக் கண்டால் அச்சமில்லை.

கடைக்குச் செல்லுங்கால் உங்கள் கருவியையே கொண்டு செல்லுங்கள். நன்கு பழகிய பாட்டொன்றைத் தாழ்ந்த ஒலியில் வைத்துக் கேளுங்கள். பேரொலியில் எப்பெட்டியும் மயக்கும்; மெல்லொலியில் சொல் தெளிவாகக் கேட்பதே நல்ல பெட்டி.

இறுதியாக ஒன்று. வயது வந்தோர்க்கு 80 டெசிபல் ஒலி வாரத்திற்கு 40 மணி நேரமே பாதுகாப்பானது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்க்கு 75 டெசிபல். ஒலி ஏற ஏற, அந்நேரம் விரைந்து குறையும். இழந்த செவியை எக்கடையில் வாங்குவது? ஆளுக்கொரு செவிக்குழலை மாட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் அயலாராய் வாழ்கிறோம். கூடத்தில் வைத்த பெட்டி இன்று பாட்டியின் பாட்டைப் பாடட்டும். நாளை பேரனின் பாட்டைப் பாடட்டும். படிக்கும் பிள்ளைக்கும் நோயுற்றோர்க்கும் இடையூறின்றி அதனை அடக்கத் தெரிந்த குடும்பத்திற்கே அப்பெட்டி பயன்தரும்.