விமானத்தில் வராத பதில் ஆசிரியர்

ஒன்டாரியோவில் சான்றிதழ் பெற்று, பதில் ஆசிரியராகப் பள்ளி பள்ளியாக அலைந்து சலித்த இளைய ஆசிரியர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நூனவுட்டுக்குப் போய்ச் சில மாதம் இதே வேலையைப் பார்க்கலாமா? சம்பளம் கூடுதலாமே, அனுபவமும் ஆகுமே என்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அங்கே பதில் ஆசிரியர் என்பவர் தெற்கிலிருந்து வருபவர் அல்லர்.

கனடாவின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு நூனவுட். அதில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை இல்லை. விமானம்தான், அதுவும் பனிப்புயல் அனுமதித்தால். காலை ஏழு மணிக்கு ஓர் ஆசிரியை காய்ச்சல் என்று சொன்னால், எட்டரைக்குள் அதிபர் ஆள் தேடியாகவேண்டும். தெற்கிலிருந்து வந்து தங்கிக் காத்திருக்கவும் வழியில்லை; வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் வீடு பெரும்பாலும் நிரந்தர வேலையோடு சேர்ந்து வருவது. சில நாள் வேலைக்கு வருபவருக்கு யார் வீடு கொடுப்பார்? ஆகவே ஏற்கெனவே அங்கே குடியிருப்பவரைத்தான் அதிபர் அழைப்பார்: பிள்ளைகளில் ஒருவரின் அத்தை, பன்னிரண்டாம் வகுப்பை அண்மையில் முடித்த இளைஞர், மருத்துவ நிலையத்துக்கு வந்த தாதியின் கணவர். ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்லை. காவல்துறைப் பதிவுச் சோதனை வேண்டும். யாரும் கிடைக்காத நாளில் வகுப்பையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட நாட்கள் குறைவல்ல. சிறப்பு மருத்துவரைப் பார்க்க கிவாலிக் வட்டார மக்கள் வினிபெக் போகவேண்டும், பாஃபின் தீவுக்காரர்கள் ஒட்டாவா போகவேண்டும். பிள்ளைப்பேற்றுக்கும் பலர் வாரக்கணக்கில் வெளியூரில் தங்கவேண்டியிருக்கிறது. போன ஆசிரியர் திரும்பும் நாளில் விமானம் தரையிறங்க முடியாமல் போனால் இன்னும் இரண்டு நாள் கூடும். ஒரு நாள் விடுப்பு ஒரு வாரமாக நீள்வது அங்கே யாருக்கும் வியப்பல்ல.

இந்த இடைவெளியில் வகுப்பில் நிற்கும் உள்ளூர்க்காரரை ‘பிள்ளை பார்த்துக்கொள்ள வந்தவர்’ என்று தெற்கத்திய ஆசிரியர் சிலர் பேசுவது உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேள்வி கேட்டதும் ஒரு பிள்ளை புருவத்தை மெல்ல உயர்த்தினால் அது ‘ஆம்’. மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. புதிதாக வந்தவர் அதை மௌனமென்று எடுத்துக்கொண்டு, அக்கறையில்லாத பிள்ளை என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அத்தைக்கு அந்தக் குழப்பமே இல்லை. பாடத்தை இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடுட்டில் விளக்கவும் அவரால் முடியும். செஸ்டர்ஃபீல்டு இன்லெட்டில் 1955 முதல் 1969 வரை இயங்கிய டர்க்கெட்டில் ஹால் பள்ளி விடுதிக்குச் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அந்த வீடுகளுக்குப் பள்ளிக்கூடம் என்ற இடத்தின்மேல் நம்பிக்கை எளிதில் வந்துவிடாது. தெரிந்த முகம் வகுப்பில் நிற்பதற்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

உள்ளூர்ப் பதில் ஆசிரியரிடம் இல்லாதது பாடத் தயாரிப்பு. அதை வைத்துவிட்டுப் போவது நிரந்தர ஆசிரியரின் கடமை. வேலைத்தாள் கட்டு ஒன்றை மேசையில் போட்டுவிட்டுப் போவது தயாரிப்பு ஆகாது. முதல் அரைமணி நேரத்துக்கு என்ன செய்வது, எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவராது, எப்போது வெளியே விடலாம் என்பதை எளிய மொழியில் எழுதிய கோப்பு ஒன்று ஆகஸ்டிலேயே ஆயத்தமாக இருக்கவேண்டும். குறைந்தது மூன்று நாளுக்குப் போதுமானதாக இருக்கட்டும். எழுத்து முறையையும் கவனியுங்கள்: மேற்கே குக்லுக்டுக், கேம்பிரிட்ஜ் பே பக்கம் பிள்ளைகள் தம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், கிழக்கே அசையெழுத்து. பக்கத்து வட்டாரத்துப் பயிற்சித்தாளை நகலெடுத்து வைத்தால் அது உதவாமலே போகலாம். முடிந்தால் அந்தப் பதில் ஆசிரியரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, உங்களோடு நின்று கற்பிக்கச் சொல்லுங்கள். அந்த நாளுக்குச் சம்பளம் கொடுக்க மாவட்டக் கல்விக் குழுவிடம் கேளுங்கள். இலவசமாக வரச் சொல்வது சரியல்ல.

இதில் கல்வித்துறையின் பொறுப்பும் இருக்கிறது. வடகிழக்கில் இனுயிட் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சி 1979இல் இகாலுயிட்டில் தொடங்கியது. அப்படியிருந்தும் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் இன்னமும் தெற்கிலிருந்து வருபவர்களே. இனுயிட் மொழிக் கல்வியை எல்லா வகுப்புகளுக்கும் கொண்டுவரும் இலக்கை 2020இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் 2039 வரை தள்ளிவைத்தது. அடுத்த ஆண்டே இனுயிட் மக்களின் பிரதிநிதியான நூனவுட் துங்காவிக் அமைப்பு அரசின்மீது வழக்குத் தொடர்ந்தது. அந்த மொழி பேசும், வகுப்பில் நிற்கப் பழகிய ஆட்களை எங்கே தேடுவது என்று கேட்பவர்கள், அதிபரின் மேசையில் இருக்கும் பதில் ஆசிரியர் பட்டியலை முதலில் எடுத்துப் பார்க்கலாம். அவர்கள் நின்ற நாட்களுக்குப் பயிற்சியில் மதிப்பெண் கிடைக்கவேண்டும், மூன்று நான்கு பாடங்களை ஊரைவிட்டுப் போகாமலே படிக்க வழியும் வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு இகாலுயிட்டில் ஆண்டுக்கணக்கில் தங்க எல்லாத் தாய்மாராலும் முடியாது.

இனி நம் இளைய ஆசிரியர்களுக்கு. வடக்கே போக விரும்பினால் நிரந்தர இடத்துக்கே விண்ணப்பியுங்கள். இரண்டு ஆண்டாவது இருக்கும் எண்ணத்தோடு போங்கள். பள்ளிக் காலண்டரை ஊர்கள் தத்தம் வசதிப்படி அமைப்பதால், ஒன்டாரியோவில் விடுமுறை முடிவதற்கு முன்பே சில இடங்களில் வகுப்பு தொடங்கிவிடும். துணைவரின் வேலைக்காக ஏற்கெனவே அங்கே போயிருப்பவர் என்றால் நிலைமை வேறு: அதிபரிடம் நேரில் போய்ப் பெயர் கொடுங்கள். முதல் வாரம் அடுத்த அறையின் உள்ளூர் உதவி ஆசிரியை என்ன செய்கிறார் என்று பாருங்கள், புருவங்களையும் கவனியுங்கள்.