வலி சான்சாவுக்கு, க்ளோசப் தியோனுக்கு

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்கள்கிட்ட சான்சா பேச்சை எடுத்தா ரெடியா ஒரு பதில் வரும்: "அந்தக் காலம் அப்படித்தாங்க!" டிராகன் பறக்குது, செத்தவன் எழுந்து நடக்கிறான். இதுல மட்டும் சரித்திரத் துல்லியமா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

வன்முறையைக் காட்டவே கூடாதுன்னு நான் சொல்லலை. அதை யாரோட கதையா காட்டுறீங்கங்கறதுதான் கேள்வி. 2015-ல் வந்த ஐந்தாவது சீசன், ஆறாவது எபிசோட். முதலிரவில் ராம்சே சான்சாவை வன்புணர்கிறான். கேமரா எங்கே போய் நிக்குது? பக்கத்துல நின்னு அழுற தியோன் முகத்துல!

"நாவல்லயே இருக்கே" என்பது அடுத்த வாதம். நாவலில் ராம்சேவைக் கட்டிக்கிறது ஜெய்ன் பூல். சான்சாவை அங்கே கொண்டுபோய் விட்டது சீரியல்காரங்க.

சரி, அப்புறமாவது? 2019-ல், எட்டாவது சீசனில், அதெல்லாம் நடக்கலைன்னா தான் சின்னப் பறவையாவே இருந்திருப்பேன்னு அவ வாயாலயே சொல்ல வைக்கிறாங்க. பலாத்காரம் என்ன பர்சனாலிட்டி டெவலப்மெண்ட் கோர்ஸா?

2017-ல் வந்த 'பிராட்சர்ச்' மூணாவது சீசன் பாருங்க. குற்றத்தைக் காட்டி ஆரம்பிக்கலை. புகார் சொல்ற டிரிஷ்கிட்ட ஆரம்பிக்குது. மருத்துவப் பரிசோதனை படிப்படியா, அவ சம்மதம் கேட்டுக் கேட்டு நடக்குது. கேமரா அவளை விட்டு ஓடலை. மனசு பதறுது.

ரியலிசம்னா அதுதாங்க. அடுத்த தடவை அந்த வார்த்தையைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி, கேமரா யாரைப் பார்த்துச்சுன்னு கொஞ்சம் பார்த்துட்டு வாங்க.