கல்யாணம் நாலு துண்டில்

பத்தமடைச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "என் மகளின் கல்யாண வீடியோ 12 ஜி.பி. காலஞ்சென்ற என் மாமியார் அட்சதை போடுவது அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்பவரோ, எல்லாவற்றையும் அழித்தால்தான் சரியாகும் என்கிறார். கையில் இருப்பவை 4 ஜி.பி. பென் டிரைவ்கள். என்ன செய்ய?"

கவலை வேண்டாம், அம்மா! உங்கள் ஊரில் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்துத்தானே மணமக்கள் பெயர் போட்ட பாய் நெய்கிறார்கள்? இதுவும் அப்படித்தான்.

'செவன்-ஜிப்' என்ற மென்பொருளுக்குக் காசு கிடையாது. அதில் வீடியோவை 3500 எம்.பி. துண்டுகளாகப் பிரியுங்கள். (கம்ப்யூட்டரில் இன்னும் 12 ஜி.பி. காலி இடம் வேண்டும்.) நாலு துண்டு வரும், டிரைவுக்கு ஒன்று. 1, 2, 3, 4 என்று எண் ஒட்டிவிடுங்கள். பிறகு நாலையும் ஒரே இடத்தில் சேர்த்து, 001 என்று முடியும் துண்டைத் திறந்து பிரித்தெடுத்தால் வீடியோ முழுசாகக் கிடைக்கும்.

ஆனால் ஒன்று! ஒரு துண்டு கெட்டாலும் வீடியோ திரும்பாது. ஆகவே இரண்டு செட் எடுத்து, ஒன்றைச் சம்பந்தி வீட்டில் வையுங்கள். முக்கியமாக, வேறொரு கம்ப்யூட்டரில் துண்டுகளைச் சேர்த்து, மாமியாரின் முகத்தைக் கண்ணாரக் கண்ட பிறகே ரிப்பேருக்குக் கொடுங்கள்.