குஞ்சின் குடலும் நெட்டுக்குப்பத்துக் கருவாடும்

கோழித் தீவனம் வாங்கும்போது அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு புரதம் என்று கேட்டறிவதோடு விவசாயிகளில் அநேகர் திருப்தியடைந்துவிடுகின்றனர். அவ்வெண் மட்டும் போதாது. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 ஆல் பெருக்கிப் பெறும் கணக்கே அது. புரதம் எவ்வகையினது என்பதை அது தெரிவிப்பதில்லை. குஞ்சு தேறுவதோ அவ்வகையையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

புரதமாவது சுமார் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. செரிமானத்தில் அது அறுபட்டு, அமிலங்கள் குடலை அடைகின்றன. குடல் அவற்றை இரத்தத்திற்கு விடும் வாயில் மட்டுமன்று. முதலில் தானே உண்ணும் உறுப்புமாகும். அதன் உட்சுவரை மூடியுள்ள உயிரணுக்கள் சில நாட்களுக்குள் உதிர்ந்துவிட, அடியிலுள்ள நுண்குழிகளில் புதியவை பிறந்து மேலேறுகின்றன. உணவில் வரும் குளூட்டாமிக் அமிலத்தின் பெரும்பகுதியைக் குடலே எரித்துச் சக்தி பெறுகிறது. திரியோனின் அதனைக் காக்கும் சளிப்படலத்திற்குச் செலவாகிறது.

இவ்வளர்ச்சிக்கு உத்தரவிடுவனவற்றுள் முக்கியமானது, உயிரணுவினுள் இருக்கும் 'எம்-டார்' என்னும் புரதம். லியூசின், ஆர்ஜினின் முதலியவை போதிய அளவு வந்தால், அது தொழிற்பட்டுப் புதுப் புரதங்களைக் கட்ட ஏவுகிறது. வரத்துக் குறைந்தால் கட்டுமானம் தணிந்து, அணு தன் பழம்பொருள்களையே கரைத்துண்ணத் தொடங்குகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்ட நுண்ணுயிர் தந்த ராப்பமைசின் என்னும் மருந்தை ஆராய்ந்தபோதே இவ்வுண்மை வெளிப்பட்டது. 1975 இல் அம்மருந்தைப் பற்றி வெளியிட்டவர்களுள், காசி இந்து சர்வகலாசாலையில் பயின்ற சுரேந்திரநாத் சேகலும் ஒருவர்.

எனினும் உத்தரவு வந்தாற் போதாது. செங்கல் இல்லையேல் கொத்தனால் சுவர் எழுப்ப இயலாது. மக்காச்சோளத்தில் லியூசின் மிகுதி, லைசின் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் லைசினும் மெத்தியோனினும் குறைவு. இவ்விரண்டை மட்டும் எவ்வளவு கூட்டினாலும், குறைந்துள்ள அமிலமே வளர்ச்சிக்கு எல்லையாகும். மிகுந்தவை யூரிக் அமிலமாகக் கழிந்து, கொட்டகையில் ஈரமும் நாற்றமும் உண்டாக்கும். விவசாயியின் பணமும் அவ்வழியே போகும்.

இக்குறையை நிரப்ப எள்ளுப் பிண்ணாக்கின் மெத்தியோனினும் சோயாவின் லைசினும் ஒன்றுக்கொன்று உதவும். இரண்டும் ஒருங்கே நிறைந்தது மீன். சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாற்று நீர் எண்ணூர்க் கழிமுகத்தின் வழியே கடலிற் கலக்குமிடத்தில் உள்ளது நெட்டுக்குப்பம். அத்தகைய மீனவ ஊர்களில் விலை போகாத சிறுமீன்கள், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கோழிகளுக்குக் கைக்கெட்டிய நல்லுணவாகும். ஆனால் வெறுமணலில் உலர்த்திய மீனில் மணலும் எடையாக விற்கப்படும். உப்பு மிகுந்த கருவாடோ குஞ்சுகளுக்குக் கெடுதி செய்யும். ஆகவே, உப்பிடாத மீனை, தரைக்கு மேல் வலைப்பரண் கட்டி அதன்மீது உலர்த்தி வாங்க வேண்டும். அதற்கு விலை சற்று உயர்த்திக் கொடுப்பதே நியாயம்.

தொழிற்சாலைகளில் செய்த லைசினும் மெத்தியோனினும் கடையிற் கிடைக்கையில் கருவாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெரும்பண்ணைகளுக்கு அவை ஏற்றவையே. அளந்து கலக்கச் சாதனமில்லாத சிறு வளர்ப்போருக்கோ மீன்தூள் எளிது.

கழிமுகத்தின் தூய்மை மீனவர் கவலை மட்டுமே என்று உள்நாட்டு விவசாயிகள் எண்ணலாகாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியபோது, மீனவர்கள் தம் படகுகளிற் சென்று கையால் அதனை வாரியெடுக்க நேர்ந்தது. நஞ்சேறிய நீரின் மீனைத் தீவனமாக்கினால், கேடு முட்டைக்கும் உண்பவருக்கும் தொடரக்கூடும்.

ஆகையால் கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இரண்டு காரியங்களில் முயலுதல் வேண்டும். கரையோர ஊர்களில் உலர்த்தும் பரண்களுக்கு இடமும் உதவியும் பெற்றுத் தருவது ஒன்று. கழிமுகத்தில் கழிவு கலப்பதைக் கண்டவுடன் மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது மற்றொன்று. விவசாயிகளும் இனித் தீவனம் வாங்கும்போது, "புரதம் எவ்வளவு?" என்று கேட்டபின், "லைசின் எவ்வளவு, மெத்தியோனின் எவ்வளவு?" என்றும் கேட்பார்களாக.